மூன்று துப்பாக்கிகள், மூன்று வழிகள்



அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததென்று நாளேட்டில் செய்தி வரும்போதெல்லாம் வகுப்பறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “ஐயா, அங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாமா?” ஆம் என்று விடையிறுத்தாலும் தவறு, இல்லை என்று விடையிறுத்தாலும் தவறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு உருப்படியான விடை ஒன்றைச் சொல்லலாம் என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் இன்றைய நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தம்மிடமுள்ள பழைய துப்பாக்கியொன்றை விற்க விரும்பும் தனியாள், வேறொரு மாநிலத்தில் வாழும் இன்னொரு தனியாளுக்கு அதனை நேரே அனுப்பிவைக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருவதில்லை. வாங்குபவரின் மாநிலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவருக்கே அனுப்ப வேண்டும். அவர் வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, குற்றப் பின்னணியை விசாரித்து, அதன் பிறகே பொருளைக் கொடுப்பார். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தவராக இருந்துவிட்டால், கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை இவ்வளவும் தேவையில்லை. அண்டை வீட்டுக்காரருக்கு மிதிவண்டி விற்பதுபோல் கைமாற்றிவிடலாம். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று விற்பவர் அறிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரே பொருளுக்கு இப்படி இருவேறு நீதி ஏன்? 1960களில் அமெரிக்காவை உலுக்கிய மூன்று படுகொலைகளைப் பார்த்தால் இது விளங்கும். அந்த மூன்று கொலைகளிலும் துப்பாக்கி மூன்று வெவ்வேறு வழிகளில் கொலையாளியின் கைக்கு வந்து சேர்ந்தது.

விலைப்பட்டியல் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோ நகரத்துப் பெரு வணிக நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் நூல்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பின. சியர்ஸ் ரோபக், மான்ட்கோமரி வார்டு ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. நகரத்திலிருந்து நெடுந்தொலைவில் வாழ்ந்த உழவர் குடும்பங்களுக்கு அந்நூல்தான் கடைத்தெரு. தையல் இயந்திரம், கலப்பை, கைக்கடிகாரம் என்று படம் போட்டிருந்த அதே நூலில் ரிவால்வர்களுக்கும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பணத்தை அனுப்பினால் பொருள் வீடு தேடி வரும். 1913ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அரசு அஞ்சல் துறை பொட்டல அஞ்சல் சேவையைத் தொடங்கியபோது இவ்வணிகம் இன்னும் எளிதாயிற்று.

1920களில் நகரங்களில் கொள்ளையும் கும்பல் சண்டையும் பெருகின. சிறுவர்கள்கூட அஞ்சலில் கைத்துப்பாக்கி வரவழைக்கிறார்கள் என்ற கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக 1927 பிப்ரவரியில் அதிபர் கூலிட்ஜ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உடையில் மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிகளைத் தனியாட்களுக்கு அஞ்சலில் அனுப்பக்கூடாது என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சட்டம் அரசு அஞ்சலை மட்டுமே கட்டுப்படுத்தியது. தனியார் சுமைப் போக்குவரத்து நிறுவனங்களை அது தொடவே இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். நீண்ட குழல் கொண்ட ரைபிள்களுக்கோ முன்வாசலும் திறந்தே இருந்தது.

1934இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கிகளுக்கும் கைமாற்றத்தின்போது 200 டாலர் வரி விதிக்கப்பட்டது. அந்நாளில் அது பெருந்தொகை. 1938இல் வந்த சட்டம்தான் துப்பாக்கி வணிகர்களுக்குக் கூட்டரசு உரிமம் என்ற முறையை முதன்முதலாக ஏற்படுத்தியது. கட்டணம் ஆண்டுக்கு ஒரு டாலர். கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. வணிகர் வாங்குபவரின் பெயரை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். கொடுங்குற்றவாளி என்று தெரிந்தே விற்கக்கூடாது. வாங்குபவர் சொல்லும் பெயர் உண்மைதானா என்று அறிய வணிகருக்கு எந்த வழியும் செய்து தரப்படவில்லை. சட்டத்தில் இருந்த ‘தெரிந்தே’ என்ற ஒரு சொல் எல்லாருக்கும் குடைபிடித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பியப் படைகள் கழித்துவிட்ட ரைபிள்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. விலை மிக மலிவு. உள்நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் தவித்தன. இங்கே ஒரு செய்தி வியப்புக்குரியது. 1958இல் இத்தொழிற்சாலைகளைக் காப்பதற்காக, கழிவுப் போர்த் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றை மாசசூசெட்ஸ் மாநிலச் செனட்டர் ஒருவர் கொண்டுவந்தார். அவர் பெயர் ஜான் எஃப். கென்னடி. முடிவில் நிறைவேறிய விதி, அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்குக் கொடுத்த போர்க்கருவிகள் மீண்டும் உள்ளே வருவதை மட்டுமே தடுத்தது. இத்தாலியப் படையின் துப்பாக்கிகளுக்குத் தடை ஏதும் இல்லை.

முதல் வழி: அஞ்சல் பெட்டி 2915

1963 மார்ச்சு 12ஆம் நாளிட்ட அஞ்சல் பணவிடை ஒன்றுடன் டல்லாஸ் நகரிலிருந்து ஓர் உறை சிகாகோவின் கிளைன்ஸ் விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்குச் சென்றது. ‘அமெரிக்கன் ரைபிள்மேன்’ இதழின் பிப்ரவரி வெளியீட்டிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரச் சீட்டு அதனுள் இருந்தது. தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிள் ஒன்று, விலை 19.95 டாலர், அனுப்புகைச் செலவு 1.50 டாலர், ஆகமொத்தம் 21.45 டாலர். பெயர் ஏ. ஹிடல். முகவரி, டல்லாஸ் அஞ்சல் பெட்டி எண் 2915. மார்ச்சு 20ஆம் நாள் சிகாகோவிலிருந்து அப்பொருள் அரசு அஞ்சலிலேயே அனுப்பப்பட்டது.

அதே மார்ச்சு 20ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்தும் ஒரு பொட்டலம் அதே பெயருக்கு, அதே அஞ்சல் பெட்டிக்குப் புறப்பட்டது. அதில் இருந்தது ரிவால்வர். விலை 29.95 டாலர், பத்து டாலர் முன்பணம், மீதம் 19.95 டாலரைப் பொருளைப் பெறும்போது செலுத்த வேண்டும். இரண்டிலும் 19.95 என்ற எண் வருவது தற்செயல்தான். அந்த ரிவால்வரை 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அஞ்சலில் அனுப்ப முடியாது. ஆகவே ரயில்வே எக்ஸ்பிரஸ் என்ற தனியார் நிறுவனம் சுமந்து சென்றது. நான் மேலே சொன்ன பின்வாசல் இதுதான்.

ரிவால்வருக்கான விண்ணப்பச் சீட்டில் வாங்குபவர் தாம் குடிமகன் என்றும் கொடுங்குற்றத் தண்டனை பெற்றவர் அல்லர் என்றும் உறுதி கூறும் பகுதியும், அதற்குச் சாட்சியாக ஒருவர் பெயரெழுதும் இடமும் இருந்தன. சாட்சியாக டி. எஃப். டிரிட்டல் என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. ஹிடல் என்பவரும் இல்லை, டிரிட்டல் என்பவரும் இல்லை. இரண்டு பெயர்களையும் எழுதிய கை லீ ஹார்வி ஆஸ்வால்டு என்பவனுடையது என்று கையெழுத்து வல்லுநர்கள் பின்னர்ச் சொன்னார்கள். தனக்குத் தானே சாட்சி சொல்லித் துப்பாக்கி வாங்க முடிந்திருக்கிறது! விடுப்புக் கடிதத்தில் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொண்டுவரும் மாணவனைக்கூட நாம் இவ்வளவு எளிதாக விட்டுவிட மாட்டோம்.

அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டடத்தின் ஆறாவது மாடியில் கண்டெடுக்கப்பட்ட ரைபிளின் வரிசை எண் சி 2766. அன்றிரவு பத்து மணிக்குக் கிளைன்ஸ் நிறுவனத்தார் தம் நுண்படச் சுருள்களைப் புரட்டத் தொடங்கினர். விடியற்காலை நான்கு மணிக்கு அந்த எண்ணும் ஹிடல் என்ற பெயரும் அகப்பட்டன. ஆஸ்வால்டே கொலையாளி என்று 1964 செப்டம்பரில் வாரன் ஆணையம் அறிக்கையளித்தது.

ஐந்தாண்டுத் தாமதம்

அஞ்சல்வழித் துப்பாக்கி வணிகத்தின் ஆபத்தை எவரும் அதற்குமுன் உணரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கனெக்டிகட் மாநிலச் செனட்டர் தாமஸ் டாட் என்பவர், இளையோர் குற்றங்களை ஆராயும் துணைக்குழுவின் தலைவராக இருந்து 1961 முதலே இதனை விசாரித்து வந்தார். கோல்ட், வின்செஸ்டர் முதலிய துப்பாக்கித் தொழிற்சாலைகள் அமைந்த மாநிலம் அவருடையது என்பது குறிப்பிடத்தக்கது. கைத்துப்பாக்கிகளின் அஞ்சல்வழி விற்பனையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை அவர் 1963 ஆகத்து மாதமே முன்வைத்தார். அதாவது கென்னடி மறைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு! படுகொலைக்குப் பின் ரைபிள்களையும் அதில் சேர்த்தார்.

நாடே துயரில் மூழ்கியிருந்த வேளை. தேசிய ரைபிள் சங்கத்தின் தலைமை நிருவாகியாக இருந்த பிராங்க்ளின் ஆர்த்துகூட இத்தகைய கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். ஆயினும் அச்சங்கத்தின் உறுப்பினர்களிடமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. வேட்டைக்காரர்களும் சிற்றூர் மக்களும் தங்கள் உரிமை பறிபோவதாக அஞ்சினர். மசோதா குழுவிலேயே முடங்கியது. மறுபடியும் கொண்டுவரப்பட்டது, மறுபடியும் முடங்கியது. 1966இல் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டபோதும் அது அசையவில்லை.

இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும்

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்த ரைபிள் அஞ்சலில் வரவில்லை. கொலைக்குற்றத்தைப் பின்னர் ஒப்புக்கொண்ட ஜேம்ஸ் ஏர்ல் ரே, சில நாள்களுக்கு முன் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரக் கடையொன்றில் நேரே நுழைந்து பணம் கொடுத்து வாங்கியது அது. முதல் நாள் ஒரு ரைபிள் வாங்கினான். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்து, வேறொன்றை மாற்றிக்கொண்டான். கடையில் சொன்ன பெயர் பொய். அவனோ 1967இல் மிசௌரி மாநிலச் சிறையிலிருந்து தப்பியோடியவன். கடைக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை.

இரண்டு மாதங்கள் கழித்து, சூன் 5ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் விடுதியொன்றில் மறைந்த அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சிர்ஹான் கையில் இருந்தது .22 அளவுள்ள ஐவர் ஜான்சன் ரிவால்வர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிட்ச்பர்க் நகரில் இயங்கிய நிறுவனம் அது. அண்ணன் கென்னடி 1958இல் காக்க முனைந்த மாநிலத் தொழில்களுள் ஒன்று. வரலாறு சில வேளைகளில் இப்படி நெஞ்சைச் சுடும்.

அந்த ரிவால்வர் வந்த வழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் வட்டாரத்தில் கலவரம் மூண்டபோது, குடும்பத் தலைவர் ஒருவர் தற்காப்புக்காக முறைப்படி கடையில் வாங்கியது அது. கலவரம் அடங்கிய பின் அதனை மகளிடம் கொடுத்தார். மகள் அண்டை வீட்டு இளைஞனிடம் கொடுத்தார். அந்த இளைஞன் அதனைச் சிர்ஹானின் உடன்பிறப்புக்கு 25 டாலருக்கு விற்றான். முதல் விற்பனையைத் தவிர எதிலும் கடை இல்லை, படிவம் இல்லை, ஏடு இல்லை. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததாகவும் தெரியவில்லை. வீட்டில் வேண்டாத பொருளைக் கொடுத்துத் தீர்ப்பது போலத்தான் அது கைமாறியது.

ஆக, அண்ணனைக் கொன்ற துப்பாக்கி அஞ்சலில் வந்தது. கிங்கைக் கொன்றது கடையிலிருந்து வந்தது. தம்பியைக் கொன்றது கைமாறிக் கைமாறி வந்தது.

1968 சட்டம் எதைப் பூட்டியது?

ராபர்ட் கென்னடி இறந்த நாளிலேயே, கைத்துப்பாக்கிகளின் மாநிலம் தாண்டிய விற்பனையைத் தடுக்கும் பகுதியை உள்ளடக்கிய குற்றத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அக்டோபர் 22ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ரைபிள்களும் இப்போது சேர்ந்துகொண்டன. உரிமம் பெறாத ஒருவருக்கு மாநில எல்லை கடந்து துப்பாக்கி விற்கவோ அனுப்பவோ கூடாது என்றாயிற்று. எல்லாத் துப்பாக்கிகளிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும். உரிமம் பெற்ற வணிகர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு ரைபிளும், இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவருக்குக் கைத்துப்பாக்கியும் விற்கக்கூடாது. கொடுங்குற்றவாளிகள், தலைமறைவானவர்கள், போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் எனத் தடை செய்யப்பட்டோர் பட்டியலும் நீண்டது.

ஜான்சனுக்கு முழு மனநிறைவு இல்லை. துப்பாக்கிகளைப் பதிவு செய்வதும், வைத்திருப்போருக்கு உரிமம் வழங்குவதும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். நாடாளுமன்றம் இரண்டையும் நீக்கிவிட்டது. அதனைக் கையெழுத்திட்ட நாளிலேயே அவர் வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார்.

என் கருத்து இதுதான்: சட்டம் இயற்றியவர்கள் மூன்று வழிகளுள் முதல் வழியை நன்றாகவே பூட்டினார்கள். இரண்டாவதன்மேல் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசியலமைப்பு கூட்டரசுக்குத் தந்தது; அந்த அதிகாரத்தின்மேல் கட்டிய சட்டம் மாநில எல்லையையே தன் வேலியாகக் கொண்டது. வேலிக்கு உள்ளே ஒருவர் இன்னொருவருக்கு விற்பதில் தலையிட அரசியல் துணிவும் அன்று இல்லை. ஆஸ்வால்டு கொடுங்குற்றத் தண்டனை பெற்றவன் அல்லன் என்பதையும் மறக்கக் கூடாது. 1968 சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அவன் டல்லாஸ் கடையொன்றில் தன் சொந்தப் பெயரில் ரைபிள் வாங்கியிருக்கலாம். ஆனால் ஹிடல் என்ற முகமில்லாத பெயருக்கு அது கிடைத்திராது. ஒரு கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்திருப்பார்.

கடைக்காரர் காவலராகிறார்

இன்று இந்த முறை எப்படி இயங்குகிறது? ஒகையோ மாநிலத்தில் ஒருவர் தம் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியை இணையத்தில் விற்பனைக்கு வைக்கிறார். டெக்சஸ் மாநிலத்தவர் ஒருவர் விலை பேசி முடிக்கிறார். அடுத்து அவர் செய்ய வேண்டியது, தம் ஊரில் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரைத் தேடி, பொருளைப் பெற்றுக்கொள்ள அவர் உடன்படுகிறாரா என்று கேட்பது. உடன்பட்டால் அந்த வணிகரின் உரிமப் படி விற்பவருக்குப் போகும். அந்த உரிம எண் உண்மையானதா என்பதைத் துப்பாக்கி நிருவாகத் துறையின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். தனியாள் நேரே வணிகருக்கு அனுப்புவதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் தனியாட்களிடமிருந்து பொட்டலம் பெற மறுக்கும் வணிகர்கள் பலர் உள்ளனர். அதனால் விற்பவர் தம் ஊர் வணிகரிடம் கொடுத்து, அவர் வழியாக அனுப்புவதும் வழக்கம்.

பொட்டலம் வந்ததும் டெக்சஸ் வணிகர் அதன் தயாரிப்பாளர், வகை, வரிசை எண், அனுப்பியவர் பெயர் அனைத்தையும் தம் ஏட்டில் பதிகிறார். அந்தக் கணத்திலிருந்து அது சட்டப்படி அவர் பொறுப்பில் உள்ள பொருள். வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டையுடன் வந்து 4473 என்ற எண்ணுடைய படிவத்தை நிரப்புகிறார். அதில் பொய் சொல்வது கடும் குற்றம். பிறகு வணிகர் கூட்டரசின் பின்னணி விசாரணை மையத்தைத் தொடர்பு கொள்கிறார். ‘கொடுக்கலாம்’, ‘காத்திருக்கவும்’, ‘கொடுக்காதே’ என்ற மூன்றில் ஒரு விடை கிடைக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இவ்வளவுக்கும் வணிகர் பெறுவது பெரும்பாலும் சில பத்து டாலர் கட்டணமே.

விதிவிலக்குகளும் உண்டு. பழுதுபார்க்க அனுப்பிய துப்பாக்கி உரிமையாளருக்கே நேரே திரும்பி வரலாம். பழம்பொருள் சேகரிப்போருக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அதனை உடையவர் ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் தம் வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆஸ்வால்டின் ரைபிள் 1940இல் செய்யப்பட்டது. அதே காலத்து இத்தாலிய ரைபிள்கள் இன்று அந்தச் சேகரிப்பாளர் பட்டியலில் அடங்குகின்றன!

தொலைபேசி விசாரணை 1968இல் வந்ததன்று. அதன்பின் கால் நூற்றாண்டு வரை, வாங்குபவர் படிவத்தில் எழுதுவதை நம்புவதே பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறை. 1981 மார்ச்சு 30ஆம் நாள் அதிபர் ரீகனைச் சுட்ட இளைஞன், டல்லாஸ் நகரின் எல்ம் தெரு அடகுக்கடையொன்றில் பொய் முகவரி கொடுத்து ரிவால்வர் வாங்கியிருந்தான். கென்னடி சுடப்பட்ட அதே தெரு. அன்று படுகாயமுற்ற ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியும் அவர் துணைவியார் சாராவும் பல்லாண்டு போராடியதன் பயனாக 1993 நவம்பர் 30இல் பிரேடி சட்டம் வந்தது. உடனடி விசாரணை மையம் 1998 நவம்பர் 30இல் இயங்கத் தொடங்கியது. ஒரு டாலர் உரிமக் கட்டணம் 1968இல் பத்து டாலராகியிருந்தது. 1993இல் மூன்றாண்டுக்கு 200 டாலராக உயர்ந்தது. அதன்பின் வணிகர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மூன்று வேலை நாள்களுக்குள் மையம் திட்டமான விடை தராவிட்டால் வணிகர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015 சூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்கு அப்படித்தான் கைத்துப்பாக்கி கிடைத்தது. 2022இல் வந்த சட்டம், இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் வாங்கும்போது ஐயமிருந்தால் அந்தக் காலத்தைப் பத்து வேலை நாள் வரை நீட்டிக்க வழி செய்தது.

இவ்வளவு பெரிய பொறுப்பைக் காவல் துறையிடம் கொடுக்காமல் ஒரு கடைக்காரரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று நம்மவர்க்குத் தோன்றும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமம் காவல் துறைத் தலைமையிடமிருந்துதான் வர வேண்டும். அமெரிக்கர் பலருக்கோ அரசாங்கத்தின் கையில் துப்பாக்கி உரிமையாளர்களின் பெயர்ப்பட்டியல் இருப்பதே அச்சமூட்டும். 1986இல் வந்த சட்டம் அத்தகைய நாடு தழுவிய பதிவேட்டை வெளிப்படையாகவே தடை செய்தது. ஆகவே ஏடு கடைக்காரரிடமே இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் பாராட்டவும் இல்லை, எள்ளி நகையாடவும் இல்லை. அரசை நம்பாத ஒரு சமுதாயம், தெருக்கோடிக் கடைக்காரரை நம்ப ஒப்புக்கொண்டது என்பதைக் கவனிக்கிறேன்.

திறந்தே கிடக்கும் வழி

மூன்றாம் வழியைச் சில மாநிலங்கள் தாமே அடைத்தன. ராபர்ட் கென்னடி விழுந்த கலிபோர்னியாவில் 1991 முதல் தனியார் விற்பனையும் பெரும்பாலும் வணிகர் வழியே நடைபெற வேண்டும். கொலராடோ 2013இலும், வாசிங்டன் மாநிலம் 2014இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியும் அவ்வாறே செய்தன.

நாடு முழுமைக்கும் ஒரு முயற்சி நடந்தது. 2012 திசம்பரில் கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பள்ளிப் பணியாளர்களும் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகாரன் பயன்படுத்தியவை அவன் தாய் முறைப்படி வாங்கியவை. தனியார் விற்பனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அந்தத் துயரின் அலையில், இணையத்திலும் கண்காட்சிகளிலும் நடக்கும் தனியார் விற்பனைக்கும் பின்னணி விசாரணை வேண்டும் என்ற திருத்தத்தைச் செனட்டர்கள் மான்சினும் டூமியும் கொண்டுவந்தனர். 2013 ஏப்ரல் 17ஆம் நாள் அதற்கு 54 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டவை 60. பெரும்பான்மையர் ஆதரித்தும் தோற்ற மசோதா அது. குழந்தைகளை இழந்த பெற்றோர் சிலர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தனர்.

2019 ஆகத்து 31ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்தின் ஒடெசா வட்டாரத்தில் ஒருவன் ஏழு பேரைக் கொன்றான். அவன் 2014இல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று பின்னணி விசாரணையில் மறுக்கப்பட்டவன். கடையின் கதவு மூடியதும் அதே மாநிலத் தனியாள் ஒருவரிடம் வாங்கினான். படிவம் இல்லை, தொலைபேசி அழைப்பு இல்லை. விற்றவர் உரிமமின்றி வணிகமாகவே செய்து வந்தவர் என்பதால் 2021இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வணிகர் என்று யாரைக் கருதுவது என்பதற்கான விளக்கத்தை மேலே சொன்ன 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு விரிவாக்கியது. எப்போதோ ஒரு முறை சொந்தத் துப்பாக்கியை விற்பவர் அதற்குள் வருவதில்லை.

குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் இன்றும் தேடல் அந்த நவம்பர் இரவைப் போலத்தான் தொடங்குகிறது. மேற்கு வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள தடமறியும் மையம் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வணிகரைச் சொல்வார். அவர் கடைக்காரரைச் சொல்வார். கடைக்காரரின் ஏட்டில் முதலில் வாங்கியவர் பெயர் இருக்கும். மூடப்பட்ட கடைகளின் ஏடுகள் அந்த மையத்துக்கே பெட்டி பெட்டியாக வந்து சேர்கின்றன. அவற்றைப் படமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தட்டித் தேட 1986 முதலான சட்டத் தடைகள் விடுவதில்லை. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் புரட்டிக் கிடைப்பதும் முதலில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. ராபர்ட் கென்னடியைச் சுட்ட ரிவால்வரின் ஏட்டிலும் 1965இல் வாங்கிய அந்தக் குடும்பத் தலைவரோடு எழுத்து நின்றுவிட்டது. மகள், அண்டை வீட்டு இளைஞன், 25 டாலர் ஆகிய மற்றவை எல்லாம் காவலர்கள் ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகக் கேட்டு அறிந்தவை.